பாட்டு இருக்கிறது, மெட்டு எங்கே?

 

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றுகிறோம். அவருடைய கதைகளையும் வசனங்களையும் பற்றி நிறையப் பேசியாயிற்று. அவருடைய இசையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். வண்ணம் பாடுவதில் நிகரற்றவர் அந்த ஆசான். மாணவருக்குச் சந்தம் கைவந்தது அங்கேதான். பிறகு புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் தங்கி லய நுணுக்கங்களை அறிந்துகொண்டார். இரணியன், இராவணன், எமதருமன் வேடங்களில் பெயர் பெற்றவர், பின்னாளில் நடிப்பை விட்டு நாடகம் எழுதவும் பயிற்றுவிக்கவும் முழுதாக இறங்கினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுவதையும், பாடல்களோடு, ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்ததை அச்சகோதரர்களுள் ஒருவரான டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். கடைசிக் காலத்தில் பக்கவாதத்தால் முடங்கி, 1922இல் புதுச்சேரியில் மறைந்தார்.

ஓரிரவில் நாடகம் எழுத எப்படி முடிந்தது? வெண்பா, விருத்தம், சிந்து, கண்ணி, கீர்த்தனை, பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டு என எல்லாம் அவர் காதில் ஆயத்தமாக இருந்தன. எந்தக் கட்டத்துக்கு எது பொருந்தும் என்று அவருக்குத் தெரியும். ‘வள்ளி திருமண’த்தையே பாருங்கள். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடும்போது குரல் நீண்டு போக இடம் இருக்கிறது. வேலன் வந்து தர்க்கம் தொடங்கியதும் பாட்டின் அடி குறுகுகிறது, நடை விரைகிறது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு விருத்தம் வந்தால் மிருதங்கம் ஓய்ந்து, ஆர்மோனியம் மட்டும் கூடவே போகிறது. கதை நகர்வதே இசையின் நடை மாறுவதால்தான். இப்படி அமைத்தவரை இசையமைப்பாளர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கலைஞர்களைத் தனித்தனியாக அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்திலும் இந்த அமைப்புதான் கைகொடுக்கிறது. நாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், கோமாளியான பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது; மேடையில்தான் சந்திக்கிறார்கள். ஆனாலும் விடிய விடிய நாடகம் நடக்கிறது. அத்தனை பேர் நினைவிலும் சுவாமிகள் வகுத்த பாட்டு வரிசை இருப்பதால்தான் இது முடிகிறது.

நம் கொங்கு நாட்டுக்கும் இந்த நாடக இசை மரபில் பெரும் பங்கு உண்டு. சுவாமிகளின் ஒருசாலை மாணாக்கர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். அவருடைய மாணவர் பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயண கவி, மேடையிலிருந்து திரைக்குப் போய்ப் பாட்டெழுதினார். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் வள்ளியாகவும், சுவாமிகளிடம் பயின்ற எஸ்.ஜி. கிட்டப்பா வேலனாகவும் பாடியதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. நாடகக் கம்பெனியில் வளர்ந்த எஸ்.எம். சுப்பையா நாயுடு, கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ‘மலைக்கள்ளன்’ படத்துக்கு 1954இல் இசையமைத்தார். நம் திரையிசையின் வேர் நாடக மேடையில் இருக்கிறது.

இனி, நம் கவலைக்கு வருகிறேன். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று மட்டும் போட்டிருக்கும். அன்று எல்லோருக்கும் தெரிந்த அந்த மூலப் பாட்டை இன்று பாடுவார் அரிது. வரிகள் அச்சில் இருக்கின்றன. மெட்டு மூத்த கலைஞர்களின் தொண்டையில் மட்டும் இருக்கிறது. ஓர் ஆர்மோனியக் கலைஞர் மறையும்போது எத்தனையோ மெட்டுகள் அவரோடு போய்விடுகின்றன.

மராட்டியரைப் பாருங்கள். 1880இல் நாடகாசிரியர் கிர்லோஸ்கர் ‘சங்கீத சாகுந்தலம்’ அரங்கேற்றிய காலந்தொட்டு வளர்ந்த நாட்டிய சங்கீதம் என்னும் நாடக இசையை அவர்களுடைய பெரிய வித்வான்கள் இன்றும் கச்சேரியில் பாடுகிறார்கள். நாமோ நம் நாடகப் பாட்டைக் கோயில் திடலிலேயே விட்டுவிட்டோம்.

ஆகவே ஆய்வாளர்களிடம் சில வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஒவ்வொரு பாட்டையும் வெவ்வேறு ஊரைச் சேர்ந்த இருவரிடமாவது பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எத்தனை கட்டைச் சுருதி, எந்தத் தாளம், எங்கே விருத்தம் என்று குறித்து வையுங்கள். கிட்டப்பா, சுந்தராம்பாள் இசைத்தட்டுகளோடு அவற்றை ஒப்பிட்டு, சுரப்படுத்தி வெளியிடுங்கள். பாடிக் கொடுக்கும் கலைஞரின் பெயரைப் பதிவிலும் நூலிலும் போடுங்கள். அவருக்கு உரிய சன்மானத்தை அன்றே கொடுங்கள். நம் ஊர்க் கோயில் நோம்பிகளில் இன்னும் நாடகம் போடுகிறார்கள். வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.

இங்கே கட்டுரை படிப்பவர்களுக்கு இணையாக, பாடிக் காட்ட வந்திருக்கும் கலைஞர்களுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும் என்று அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.