விடுமுறையில் ஒரு பஞ்சு நாள்



பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டாலும் ராஜபாளையம் நூற்பாலைகளுக்கு விடுமுறை இல்லை. அம்மா ஷிப்டுக்குப் போனபின் பக்கத்து வீட்டில் இருக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளுக்காக ஒரு வாரம், காலையில் இரண்டு மணி நேரம் வகுப்பறையைத் திறந்தோம்.

முதல் நாள் ஆப்பிள் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னேன். பத்து நிமிடத்தில் சலித்துவிட்டார்கள். ஒரு சிறுமி வாயே திறக்கவில்லை.

மறுநாள் முதல் தினம் ஒரு கருப்பொருள், எல்லாம் நம் பக்கத்துப் பொருள்கள். பஞ்சு நாளில் பஞ்சை ஊதிப் பறக்கவிட்டு, கல்லோடு தூக்கிப் பார்த்து கனம், இலேசு அறிந்தார்கள். பால்கோவா நாளில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கடை வைத்து, காகிதக் காசு எண்ணி விற்றார்கள். அணில் நாளில் சுள்ளியும் இலையும் சேர்த்து, 1988 முதல் அங்கே சரணாலயத்தில் காக்கப்படும் சாம்பல் நிற மலை அணிலுக்குக் கூடு கட்டினார்கள். ஆடிப்பூரத் தேர் நாளில் அட்டைப்பெட்டித் தேரை ஒன்று, இரண்டு எண்ணி வடம் பிடித்தார்கள்.

அந்தச் சிறுமி பஞ்சு நாளில்தான் பேசினாள். “எங்கம்மா தலையிலயும் இது ஒட்டியிருக்கும் டீச்சர்.” பிறகு பஞ்சை விரலால் முறுக்கி நூலாக்கிக் காட்டினாள். மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பஞ்சு, விதை போன்றவற்றை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளாமல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி பெரிய செலவில்லை. உங்கள் ஊரில் குழந்தையின் வீட்டார் செய்யும் வேலை எதுவோ, அடுத்த விடுமுறையில் அதிலிருந்து தொடங்குங்கள்.