இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சட்டம் இருக்கு

இன்னைக்குத் தலைப்பு கொஞ்சம் போர் அடிக்கிற மாதிரி தெரியும். போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டர்ல நிக்கிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அப்பாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி. கேஷ்லெஸ் கேட்டிருந்தோம். கம்பெனியில இருந்து பதில் வந்தது: பி.பி. இருந்ததைப் பாலிசி எடுக்கும்போது சொல்லல, அதனால க்ளைம் கிடையாது. அந்த ஃபார்மை ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்பினது நான்தான். முதல் வேலை, முதல் சம்பளம். அப்பா தினமும் ஒரு மாத்திரை போடுறார்னு தெரியும். அதெல்லாம் ஒரு நோயான்னு நினைச்சு 'இல்லை'ன்னு டிக் பண்ணிட்டேன். அம்மா என்னை எதுவும் கேக்கல. அதுதான் ரொம்ப வலிச்சது.

கிரெடிட் கார்டு, ஃப்ரெண்ட் அனுப்பின பணம்னு எப்படியோ கட்டிட்டோம். அதுக்கப்புறம்தான் உக்காந்து விதிகளைப் படிச்சேன்.

இந்தியாவுல இன்ஷூரன்ஸுக்கு அடிப்படை 1938-ஆம் வருஷத்துச் சட்டம். மேற்பார்வை ஐஆர்டிஏஐ, தலைமையகம் ஹைதராபாத். கம்பெனி மேல இருக்கிற கடமைகளை ரெண்டாப் பிரிச்சுக்கலாம்: உங்ககிட்ட எப்படி நடந்துக்கணும், தன் பணத்தை எப்படி வச்சுக்கணும்.

முதல் வகையில எனக்குக் கிடைச்சது மொரட்டோரியம். ஹெல்த் பாலிசி தொடர்ந்து 60 மாசம் ஓடிட்டா, 'நீ அன்னைக்குச் சொல்லல'ங்கிற காரணத்துக்காக க்ளைமை மறுக்க முடியாது. மோசடின்னு நிரூபிச்சா மட்டும்தான் முடியும். முன்னாடி இது 8 வருஷம். 2024-ல 5 வருஷமாக் குறைச்சாங்க. லைஃப் இன்ஷூரன்ஸுக்கு 45-வது பிரிவு இருக்கு, அதுல 3 வருஷம்.

சரி, சட்டம் கொடுக்கச் சொல்லுது. கொடுக்கக் கம்பெனிகிட்ட காசு இருக்கணுமே? ரெண்டாவது வகை அதுக்குத்தான். இதுல முக்கியமானது சால்வன்சி ரேஷியோ. கம்பெனியோட சொத்துல இருந்து, கொடுக்க வேண்டிய பொறுப்புகளைக் கழிச்சா மிஞ்சுறது ஒரு தொகை. எடுத்திருக்கிற ரிஸ்க்குக்கு இவ்வளவு மிஞ்சியிருக்கணும்னு விதி கணக்குப் போடுறது இன்னொரு தொகை. முதல் தொகை ரெண்டாவதைப் போல குறைஞ்சது ஒன்றரை மடங்கு, அதாவது 150 சதவீதம் இருக்கணும். நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, தீபாவளி சேல் அன்னைக்கு வர்ற ட்ராஃபிக்கையும் தாங்குற அளவுக்கு சர்வர் வச்சிருக்கணும்.

தாங்கலன்னா என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவுல எச்ஐஎச்னு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி இருந்தது. 2001 மார்ச்ல கவிழ்ந்தது. பள்ளம் 530 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் போகலாம்னு கணக்குப் போட்டாங்க. அரசாங்கம் ராயல் கமிஷன் போட்டு விசாரிச்சது. முக்கியமான காரணம் ஒண்ணு: வரப்போற க்ளைம்களுக்குப் போதுமான பணத்தை ஒதுக்கி வைக்கல. பிரீமியம் இன்னைக்கு வருது, செலவு பல வருஷம் கழிச்சு வருது. நடுவுல கையில இருக்கிறது லாபம் மாதிரியே தெரியும். ஆனா அது அவங்க பணம் இல்ல.

இதைப் படிச்சப்போ என் தப்பும் வேற மாதிரி தெரிஞ்சது. நான் டிக் பண்ண அந்த ஒரு 'இல்லை'யும் அவங்க கணக்குல ஒரு தப்பான எண்தான். சட்டம் என்னைக் காப்பாத்துச்சு. அதனால நான் பண்ணது சரின்னு ஆயிடாது.

கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு 60 மாச விதியைச் சொல்லி மெயில் போட்டேன், எல்லா வருஷத்து ரின்யூவல் ரசீதும் சேர்த்து. பணம் வந்தது.

உங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, வீட்டுல இருக்கிற பாலிசி ஃபார்மை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. எதாவது விட்டிருந்தா இப்பவே கம்பெனிக்கு எழுதிச் சொல்லுங்க. ரெண்டு, சால்வன்சி ரேஷியோவை ஒவ்வொரு கம்பெனியும் தன் வெப்சைட்ல பொது அறிவிப்புகள் பக்கத்துல போடணும். வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க. மூணு, க்ளைமை மறுத்தா முதல்ல கம்பெனிக்கே எழுதுங்க. ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ, வந்த பதில் சரியில்லன்னாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். சென்னையிலயும் ஆபீஸ் இருக்கு, கட்டணம் கிடையாது.

அப்பா நல்லா இருக்கார். இந்த வருஷம் ரின்யூவல் ஃபார்மை அவரே கண்ணாடி போட்டுப் படிச்சுப் பாத்துட்டுத்தான் என்கிட்ட கொடுத்தார். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.