மைதா இல்லை என்பது வேறு, குளூட்டன் இல்லை என்பது வேறு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், சிறுதானிய கேக் மிக்ஸ் தயாரிக்கும் குழுவின் ஊக்குநர் பேசியதன் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் 1989-ல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலாகத் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில்தான். அன்றைக்கு நம்ம கிருஷ்ணகிரியும் அதோடு சேர்ந்துதான் இருந்தது. நம்ம அம்மாக்கள் சில்லறைச் சேமிப்பில் ஆரம்பித்த வேலை இது. இன்றைக்கு நாங்கள் அதே ஊர் ராகியில் கேக் மிக்ஸ் போட்டு, பவுச்சில் அடைத்து, ஓசூர் வரைக்கும் அனுப்புகிறோம். தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "கேக் செய்யறதை மட்டும் சொல்லிட்டு இறங்கிடாதே. அந்த குளூட்டன் விஷயத்தையும் சொல்லு. எல்லாக் குழுவும் அந்த வார்த்தையைப் பாக்கெட்ல போட ஆரம்பிச்சுட்டாங்க" என்றார்கள். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

குளூட்டன் என்றால் என்ன? நாம் கையால் தினமும் தொடுகிற பொருள்தான். சப்பாத்தி மாவைப் பிசைந்தால் இழுபடுகிறது. பரோட்டா மாஸ்டர் வீசி அடித்தால் துணி மாதிரி விரிகிறது. அதே கையால் ராகி மாவைப் பிசைந்து இழுத்துப் பாருங்க, பிட்டுக்கும். கோதுமையில் இருக்கும் அந்த இழுவைப் புரதத்துக்குப் பெயர்தான் குளூட்டன். சப்பாத்தி மாவு உருண்டையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால், வெள்ளை மாவெல்லாம் கரைந்துபோய்க் கடைசியில் ரப்பர் மாதிரி ஒன்று கையில் நிற்கும். அது பெரும்பாலும் குளூட்டன்தான். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எல்லாவற்றிலும் இது உண்டு. அரிசி, ராகி, கம்பு, சோளம், சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பயறு, பருப்பு எதிலும் கிடையாது.

சரி, அது இருந்தால் என்ன? நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறது. அந்த நோய் உள்ளவர்கள் குளூட்டன் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்பக்கத்தைச் சேதப்படுத்தும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும், எடை ஏறாது, வளர்த்தி குறையும், ரத்தம் குறையும். பல வருஷம் இது என்னவென்றே யாருக்கும் தெரியாமல் இருந்தது. நெதர்லாந்து நாட்டில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், கோதுமையை நிறுத்தினால் இந்தக் குழந்தைகள் தேறுவதையும் திரும்பக் கொடுத்தால் படுத்துவிடுவதையும் கவனித்தார். 1950-ல் அதை ஆய்வாக எழுதினார். இன்றைக்கும் இதற்கு வைத்தியம், ஆயுசு முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான்.

இந்த நோய் கோதுமை அதிகம் சாப்பிடும் வட இந்தியாவில் கூடுதலாகத் தெரிய வருகிறது. ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்கள் நிறைய. அப்படி ஒரு அம்மா எங்கள் கண்காட்சிக் கடைக்கு வந்தார்கள். பாக்கெட்டைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில் கேட்டது ஒரே கேள்விதான்: "இது அரைக்கிற மிஷின்ல கோதுமையும் அரைப்பீங்களா?" அவர்கள் பெண்ணுக்கு சீலியாக். "ஆமாம்மா, ஊர் மில்லுலதான் அரைக்கிறோம், அங்கே எல்லாம் அரைப்பாங்க" என்று உள்ளதைச் சொன்னோம். பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது எங்கள் பாக்கெட்டில் "மைதா சேர்க்கவில்லை" என்று மட்டும்தான் போட்டிருந்தோம்.

கொஞ்ச நாளில் ஒரு கடைக்காரர் பெரிய ஆர்டரோடு வந்தார். 200 பாக்கெட். ஒரே ஒரு நிபந்தனை, "குளூட்டன் ஃப்ரீ" என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்க வேண்டும். "ராகியில குளூட்டனே கிடையாதே, ஒட்டறதுக்கு என்ன?" என்றார். குழுக் கூட்டத்தில் வைத்தோம். பாதிப் பேர், "எல்லாரும்தான் ஒட்டறாங்க, வங்கிக் கடன் தவணை வருது" என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் எங்கள் கணக்கு எழுதும் பெண் ஒரு கணக்குப் போட்டாள். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி "குளூட்டன் ஃப்ரீ" என்று போட வேண்டுமானால், ஒரு கிலோ பொருளில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மைதாவில் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்க. அப்படியானால் ஒரு கிலோ மிக்ஸில் 200 மில்லிகிராம் மைதா, அதாவது கால் கிராமுக்கும் கம்மி, கலந்தாலே எல்லைக்கு வந்துவிடும். விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை. மில்லில் நமக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்துவிட்டுப் போனால், கல்லிலும் வாயிலும் ஒட்டியிருப்பது எவ்வளவு இருக்கும்? நீங்களே சொல்லுங்க. ஒரு சிட்டிகையா, ஒரு பிடியா?

ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். கடைக்காரர் ஆர்டரை வேறு பக்கம் கொடுத்துவிட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 200 பாக்கெட்டில் ஒன்று அந்த அம்மா வீட்டுக்குப் போயிருக்கும். வார்த்தையை நம்பித்தான் வாங்கியிருப்பார்கள்.

பிறகு அடுத்த வங்கி இணைப்புக் கடனில் சின்னப் பல்வரைசர் மிஷின் ஒன்று புதிதாக வாங்கினோம். அதில் கோதுமை போடுவதே இல்லை என்று முடிவு. மிஷின் வந்தால் மட்டும் போதாது என்பது வேலை செய்யும்போதுதான் புரிந்தது. எங்கள் கொட்டகையில் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்க.

தானியம் வாங்கும்போது பழைய மைதா சாக்கு, கோதுமைச் சாக்கில் வாங்குவதில்லை. புதுச் சாக்கு, இல்லையென்றால் எங்கள் சாக்கு. சல்லடை, முறம், மரக்கரண்டி, துடைக்கும் துணி எல்லாம் இந்த வேலைக்கென்று தனி. சல்லடைக் கண்ணிலும் மர இடுக்கிலும் மாவு தங்கும், கழுவினாலும் முழுசாகப் போகாது. மைதா மாவு காற்றில் பறந்து படியும், அதனால் அந்த அறைக்குள் கோதுமைப் பொருளே வராது. காலையில் வீட்டில் சப்பாத்தி போட்டுவிட்டு வருகிறவர்கள் கை கழுவி, மேல் அங்கி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். மதியச் சாப்பாடு வெளித் திண்ணையில்.

வாங்கிச் சேர்க்கிற பொருளிலும் கவனம் வேண்டும். பேக்கிங் பவுடரில் மாவுச்சத்து சேர்ப்பார்கள், அது எந்த மாவு என்று லேபிளில் பார்க்கணும். சாக்லேட் பவுடர் என்று விற்பதில் மால்ட் இருக்கலாம். மால்ட் பெரும்பாலும் பார்லியில் செய்வது. அதனால் நாங்கள் வெறும் கோகோ பவுடர்தான் வாங்குகிறோம். அடை மிக்ஸ், தோசை மிக்ஸ் போடும் குழுக்களுக்கு ஒன்று: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். அரிசியும் பருப்பும்தானே என்று நினைத்து அந்த வார்த்தையைப் போட்டுவிடாதீங்க.

இப்போது கேக்குக்கு வருகிறேன். கேக் உப்புவது எப்படி? பேக்கிங் பவுடர் காற்றை உண்டாக்கும். மைதா கேக்கில் அந்தக் காற்றைப் பிடித்து வைக்க முட்டையோடு குளூட்டனும் உதவும். நம்ம மாவில் அது இல்லை. அதனால் பிடித்து வைக்க வேறு ஒன்று வேண்டும். நாங்கள் இசப்கோல் உமியைப் பொடி செய்து சேர்க்கிறோம். தண்ணீர் பட்டால் வழவழவென்று கட்டிக்கொள்ளும். வெறும் ராகி மட்டும் போட்டால் கேக் கனமாக வரும், வெறும் அரிசி போட்டால் நறநறக்கும். அதனால் மூன்று மாவு கலக்கிறோம்.

ஒரு பாக்கெட் அளவு: ராகி மாவு 80 கிராம், பச்சரிசி மாவு 70 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 50 கிராம், கோகோ 20 கிராம், நாமே பொடித்த சர்க்கரை 150 கிராம், பேக்கிங் பவுடர் 10 கிராம், இசப்கோல் பொடி 5 கிராம், உப்பு 1 கிராம். மாவை நன்றாகக் காய வைத்து ஆறிய பிறகுதான் கலக்கணும். ஈரம் இருந்தால் பேக்கிங் பவுடர் பாக்கெட்டுக்குள்ளேயே வேலையை முடித்துவிடும்.

வாங்குகிறவர்கள் இதோடு 2 முட்டை, 100 மில்லி எண்ணெய், 200 மில்லி பால் சேர்த்துக் கலக்க வேண்டும். முட்டை வேண்டாம் என்றால் அரை டம்ளர் கெட்டித் தயிர், கேக் கொஞ்சம் அடர்த்தியாக வரும். கலக்கிய பிறகு 15 நிமிஷம் அப்படியே வைக்கணும். அப்போதுதான் ராகியும் அரிசியும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வாயில் மணல் மாதிரி தட்டாது. 7 அங்குலத் தட்டில், 180 டிகிரியில் சுமார் 40 நிமிஷம். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் உப்புப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, 10 நிமிஷம் சூடாக்கி, மூடி போட்டுச் சிறு தீயில் வேக விடலாம். குச்சி விட்டுப் பார்த்து ஒட்டாமல் வந்தால் ஆச்சு. வெந்ததும் உடனே கவிழ்க்காதீங்க, உடைந்துவிடும். நன்றாக ஆற விட்டு எடுக்கணும். சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் இரண்டு நாளுக்குள் சாப்பிடுவது நல்லது.

தட்டில் மாவு தூவும்போது பழக்கத்தில் கை மைதா டப்பாவுக்குப் போகும். "அரிசி மாவு தூவவும்" என்று பாக்கெட்டிலேயே போட்டுவிட்டோம். நாம் இவ்வளவு பாடுபட்டு அனுப்பியது கடைசி நிமிஷத்தில் கெட்டுப்போகக் கூடாது இல்லீங்களா?

இப்போது எங்களிடம் இரண்டு வகைப் பாக்கெட் உண்டு. ஊர் மில்லில் அரைக்கும் மாவு மிக்ஸில் "மைதா சேர்க்கவில்லை, கோதுமை கலந்திருக்கலாம்" என்று இருக்கும். எங்கள் மிஷினில் அரைத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி, முடிவு எல்லைக்குள் வந்த தொகுதியில் மட்டும் "குளூட்டன் ஃப்ரீ" என்று போடுகிறோம். தொகுதி எண்ணையும் சோதனைச் சீட்டையும் சேர்த்தே வைக்கிறோம், யார் கேட்டாலும் காட்டலாம். ஓசூர் அம்மா இப்போது மாதாமாதம் வாங்குகிறார்கள். அவர்கள் சொல்லி இன்னும் சில குடும்பங்கள் வாங்குகிறார்கள். கூட்டம் பெரிது இல்லை. ஆனால் வேறு எங்கேயும் போக மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். விற்பதற்காகக் கோதுமையை விஷம் என்று பேசாதீங்க. நம்ம பிள்ளைகள் பூரி, சப்பாத்தி சாப்பிடுவதில் தப்பு இல்லை. யாருக்காவது சந்தேகம் இருந்தால் முதலில் டாக்டரிடம் அனுப்புங்க. தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு சோதனைக்குப் போனால் நோய் இருப்பதே ரத்தத்தில் தெரியாமல் போகலாம். சர்க்கரை நோயாளிகளிடம் "ராகி கேக்தானே, சாப்பிடுங்க" என்றும் சொல்லாதீங்க. ஒரு பாக்கெட்டில் 150 கிராம் சர்க்கரை இருக்கிறது.

கடைசியாக, மேடையில் இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக மிஷின் வாங்க முடியாது, தனித்தனியாகச் சோதனைக் கட்டணம் கட்டவும் முடியாது. நம்ம கூட்டமைப்புப் பேரில், கோதுமையே உள்ளே நுழையாத பொது சிறுதானிய அரவைக்கூடம் ஒன்று அமைத்துக் கொடுங்க. சோதனைச் செலவைக் குழுக்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம். சகோதரிகளே, அதுவரைக்கும் உங்கள் பாக்கெட்டில் உள்ளதை உள்ளபடி போடுங்க. சந்தேகம் இருந்தால் எங்கள் கொட்டகைக்கு வாங்க, எல்லாவற்றையும் காட்டுகிறோம்.