சொல் நழுவாமல் காத்தல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடிவருவது எளிய செயலன்று. வந்தவர்கள் கவிதை படித்தார்கள். கேட்டவர்கள் குறை சொன்னார்கள். குறை கேட்டவர்கள் அடுத்த கூட்டத்திற்கும் வந்தார்கள். இவற்றுள் மூன்றாவதே இவ்வட்டத்தை வாழவைத்தது எனக் கருதுகிறேன்.

எனக்குத் தரப்பட்ட பொருள் 'கவிஞரும் குறிப்பேடும்' என்பதாகும். கேட்பதற்கு இது சிறு பொருளாகத் தோன்றலாம். எழுதி முடித்த கவிதையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். எழுதப்படாமலே போன கவிதையைப் பற்றிப் பேசுவதில்லை. எனினும் இந்த அவையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவர்க்கும் அத்தகைய இழப்பு ஒன்றேனும் இருக்கும். மனத்தில் முழுதாக எழுந்த வரி, தாளைத் தேடி எடுப்பதற்குள் கலைந்துபோனதை அறியாத கவிஞர் இலர். அந்த இழப்பு எவ்வாறு நேர்கிறது, அதைத் தடுக்க நம் முன்னோர் என்ன செய்தனர், நாம் என்ன செய்யலாம் என்பனவே இவ்வுரையின் பொருள்.

யாப்பு செய்த காவல்

எழுத்தாணியும் பனையோலையும் எல்லார் கையிலும் இருந்த கருவிகள் அல்ல. ஓலையைப் பதப்படுத்த வேண்டும். நறுக்கித் துளையிட வேண்டும். கீறிய எழுத்துத் தெரிய மை பூச வேண்டும். ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் மேல் புள்ளி கூட வைக்காமல் விட்டனர். வழியில் நடக்கும்போது தோன்றிய பாட்டை அப்போதே ஓலையில் எழுதுதல் பலர்க்கு இயலாது. ஆயினும் பாட்டு நின்றது. எப்படி நின்றது?

யாப்பே அதைத் தாங்கி நின்றது. எதுகையும் மோனையும் செவிக்கு இன்பம் தருவன என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அவை நினைவிற்கு இட்ட முடிச்சுகளும் ஆகும். முதலடியின் இரண்டாம் எழுத்து, அடுத்த அடியின் தொடக்கத்தை அழைத்து வந்துவிடும். அந்தாதியில் ஒரு பாடலின் ஈறு மறுபாடலின் முதலைக் கையில் எடுத்துத் தருகிறது. வெண்பாவில் ஒரு சீரை மறந்து வேறொரு சீரை இட்டால் பெரும்பாலும் தளை தட்டும்; மறந்த இடத்தைப் பாட்டே காட்டிக்கொடுக்கும். கற்கும் முறையும் இதற்குத் துணைநின்றது. ஒரு நூலை மீண்டும் கேட்டால் பிழை நீங்கும், மூன்றாம் முறை கேட்டால் பிறர்க்கு உரைக்கும் திறம் வரும் என்பது நன்னூலார் காட்டும் நெறி.

இந்த நினைவாற்றல் கலையாகவே வளர்ந்தது. கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டியமை நாம் அறிந்ததே.

புதுக்கவிதை இந்தக் காவலை வேண்டாம் என்று விட்டுவந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை; அது தேடிய விடுதலை வேறு. ஆனால் அந்த விடுதலைக்குக் கொடுத்த விலையை நாம் கணக்கில் கொள்ளவில்லை. புதுக்கவிதையின் ஒரு சொல்லை மறந்து வேறொரு சொல்லை இட்டால் தளை தட்டாது. வரி நிற்கும், பொருளும் ஏறக்குறைய நிற்கும். இழந்துவிட்டோம் என்பதே நமக்குத் தெரியாது. ஆகவே யாப்பு செய்துவந்த காவற்பணியை வேறொன்று செய்தாக வேண்டும். அந்த வேறொன்றுதான் குறிப்பெழுதும் பழக்கம்.

மறதியின் இயல்பு

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய உளவியலறிஞர், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம்மைத் தாமே சோதித்து, 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். கற்றதில் பாதிக்கும் மேல் ஒரு மணி நேரத்திற்குள் நழுவிவிடுவதை அவர் அளந்து காட்டினார். முதற் சில நிமிடங்களில் இழப்பு மிகுதி. பிறகு அது மெல்ல மெல்லக் குறைகிறது.

இதனினும் நமக்கு நெருக்கமானது, பீட்டர்சன் இணையர் 1959இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு. மூன்றே மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் செய்தனர். பதினெட்டு வினாடிகள் கழித்துக் கேட்டபோது, பத்தில் ஒரு முறை கூட அவ்வெழுத்துகள் சரியாகத் திரும்ப வரவில்லை. மனத்துக்குள் சொல்லிப் பார்க்க விடாமல் வேறு வேலை குறுக்கிட்டால், மூன்று எழுத்தும் தங்குவதில்லை. காலம் கடப்பதைவிடக் குறுக்கீடே பெரிய பகை.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், 'குப்லா கான்' கவிதையை 1816இல் வெளியிட்டபோது எழுதிய முன்னுரையை இங்கு நினைக்கலாம். உறக்கத்தில் இருநூறு, முந்நூறு வரிகள் தோன்றியதாகவும், விழித்து எழுதத் தொடங்கியபோது போர்லாக் என்னும் ஊரிலிருந்து ஒருவர் ஏதோ அலுவலாக வந்து ஒரு மணி நேரத்திற்கு மேல் நிறுத்திவிட்டதாகவும், திரும்பி வந்து பார்த்தால் சில சிதறிய வரிகளைத் தவிர மற்றவை மறைந்துபோனதாகவும் அவர் கூறுகிறார். இக்கூற்றை ஐயுறும் ஆய்வாளரும் உண்டு. எனினும் கவிஞர் எவரும் இதைக் கேட்டு வியப்பதில்லை. தத்தம் வீட்டுக் கதவைத் தட்டியவரை நினைத்துக்கொள்கிறார்கள்.

எழுதும் முறை

குறிப்பு எப்படி எழுத வேண்டும்? இதில் மூன்று செய்திகளை வற்புறுத்த விரும்புகிறேன்.

முதலாவது, தலைப்பை எழுதாதீர்கள், சொல்லை எழுதுங்கள். 'மழை பற்றி ஒரு கவிதை' என்று குறித்துவைத்தால், மறுவாரம் அது எந்த மழை என்று உங்களுக்கே விளங்காது. தோன்றிய தொடர், தோன்றிய வரிசையிலேயே பதிய வேண்டும். குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் பாடலில் உள்ள உவமையைக் கொண்டே தொகுத்தோர் அவரைச் செம்புலப்பெயனீரார் என்றனர். ஓரேருழவர், மீனெறி தூண்டிலார் என்பனவும் இவ்வாறு அமைந்த பெயர்களே. பெயர் மறைந்தும் தொடர் நின்றது. எது நிற்க வேண்டும் என்பதை இது காட்டவில்லையா?

இரண்டாவது, வழியையும் சிறிது குறியுங்கள். கணித மேதை இராமானுசன் தாள் விலை தாங்காமல் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார் என்பர். அவர் 1920இல் மறைந்தார். அக்குறிப்பேடுகளின் முடிவுகளுக்கு நிறுவல்களைத் தொகுத்து புரூஸ் பெர்ன்ட் என்னும் அறிஞர் ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட பணி 1985 முதல் 1998 வரை நீண்டது. மேதையின் முடிவை மீட்க மேதைகள் வந்தார்கள். நம் குறிப்பை மீட்க நம்மையன்றி யார் வருவார்? ஆகவே வரியின் கீழே, எந்த இடத்தில், எதைக் கண்டு தோன்றியது என்று நான்கு சொற்கள் சேர்த்துவிடுங்கள். நாளும் குறியுங்கள்.

மூன்றாவது, படிக்கும்படி எழுதுங்கள். ஓட்டோ லோவி என்னும் மருத்துவ அறிஞர், நரம்பின் செய்தி வேதிப்பொருளால் கடத்தப்படுகிறது என்பதை மெய்ப்பிக்கும் சோதனையை உறக்கத்தில் கண்டு, விழித்து, ஒரு துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டு உறங்கினாராம். காலையில் தம் எழுத்தைத் தம்மாலேயே படிக்க இயலவில்லை. நற்பேறாக மறுநாள் இரவும் அதே எண்ணம் வந்தது. இம்முறை எழுதிக்கொண்டிராமல் உடனே ஆய்வுக்கூடம் சென்றார். 1936இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. கனவு இரண்டாம் முறை வருவது எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'உண்மையான கவிதை தானே திரும்பி வரும். வராதது கவிதையன்று' என்பர். அழகிய வாதந்தான். ஆனால் திரும்பி வந்ததை மட்டுமே அறிந்தவர் எவ்வாறு அதைச் சொல்ல இயலும்? வராதவற்றை எண்ணிப் பார்க்க ஒரு வழியும் இல்லையே. சார்லஸ் டார்வின் தம் தன்வரலாற்றில் ஒரு பழக்கத்தைக் குறிப்பிடுகிறார்: தம் கொள்கைக்கு மாறான செய்தி எதிர்ப்பட்டால் தவறாமல் உடனே எழுதிவைத்துவிடுவாராம், ஏனெனில் இணக்கமான செய்திகளைவிட மாறானவையே விரைந்து மறக்கின்றன என்பது அவர் அனுபவம். கவிதைக்கும் இது பொருந்தும். திரும்பத் திரும்ப வருவது நமக்குப் பழகிய வரி. நமக்கே புதிதான வரிதான் முதலில் நழுவுகிறது.

யார்க்குக் கை ஓய்வு?

குறுக்கீடே மறதியின் முதற்பகை என்றேன். அப்படியானால் மிகுதியாக இழப்பவர் யார்?

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதிய காட்சிகளை உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் விரித்துரைக்கிறார். புலவர் வாயிலிருந்து பாட்டு வருகிறது. எழுத இன்னொரு கை காத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டினால் நாம் பெற்ற செல்வம் பெரிது. அதே காலத்தில், அதே ஊர்களில், தொட்டிலை ஆட்டியவாறும், நாற்று நட்டவாறும், இழவு வீட்டில் மார்பில் அறைந்துகொண்டும் பாடல் கட்டிய பெண்கள் இருந்தனர். அவர்கள் அருகில் எழுத்தாணியோடு எவரும் அமரவில்லை. பிற்காலத்தில் நா. வானமாமலை போன்றோர் திரட்டியளித்த பாடல்கள், அந்தப் பெருஞ்செல்வத்தில் எஞ்சியவை. செம்புலப்பெயனீரார்க்கு அவர் தொடரால் ஒரு பெயரேனும் கிடைத்தது. அப்பெண்களுக்கு அதுவும் இல்லை.

நிலைமை இன்று மாறிவிட்டது, பெண்கள் எழுதுகிறார்கள். ஆயினும் வீட்டின் நாள் இன்னும் குறுக்கீடுகளாலேயே ஆனது. மாவு கையில் ஒட்டியிருக்கும்போது வரி தோன்றும், குக்கர் கூவும், அழைப்புமணி அடிக்கும், குழந்தை சாப்பாட்டுப் பாத்திரம் எங்கே என்று கேட்கும். பதினெட்டு வினாடிக் கணக்கை அங்கே வைத்துப் பாருங்கள். இதற்குத் தனியறையும் மேசையும் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நாட்காட்டி தொங்கும் ஆணியில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கிழித்த தாளின் பின்புறம் போதும். மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் போதும். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் பிரித்த அஞ்சலுறைகளின் உட்புறத்திலும் வரிகளை எழுதினார்; முடித்த கவிதைகள் பலவற்றைத் தம் கையாலேயே சிறு ஏடுகளாகத் தைத்துவைத்தார். 1886இல் அவர் மறைந்தபின் தங்கை அவற்றைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 1800 கவிதைகள் இன்று உலகிற்குக் கிடைத்திருக்கின்றன. அவர் வாழ்நாளில் அச்சேறியவை மிகச் சிலவே.

கை ஓயாதபோது கைப்பேசியில் பேசிப் பதிவதும் நல்ல வழியே. தொனியும் சேர்ந்து பதியும். ஆனால் பேசிப் பதிந்தவற்றைக் கேட்பவர் குறைவு. அன்று மாலையே கேட்டுத் தாளில் எழுதிவிடுதல் நன்று.

இன்னொன்றையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும். பல பெண்கள் எழுதாமைக்குக் காரணம் நேரமின்மை மட்டுமன்று. எழுதியதைப் பிறர் எடுத்துப் படிப்பார்களே என்னும் அச்சமும் ஆகும். முளைவிடும் வரி விளக்கம் கேட்கப்படுவதைத் தாங்காது. 'இது யாரைப் பற்றி?' என்ற ஒரு கேள்வி ஓராண்டு எழுத்தை நிறுத்திவிடும். ஆகவே வீட்டிலுள்ள ஒருவரின் குறிப்பேட்டை அவர் இசைவின்றித் திறவாதிருத்தல், கணவன், மகன், மாமியார் எவராயினும், அவர்கள் இலக்கியத்திற்குச் செய்யும் தொண்டு என்றே சொல்வேன்.

ஏட்டுச் சுரைக்காய் ஆகாதிருக்க

எழுதிவைத்தல் பாதி வேலையே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி, எழுதிவிட்டுத் திரும்பிப் பாராத குறிப்பேட்டிற்கே மிகவும் பொருந்தும். ஜெர்மானியச் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 துண்டுச்சீட்டுகளை எழுதிச் சேர்த்தார். எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு சீட்டிற்கும் எண் இட்டு ஒன்றை மற்றொன்றோடு தொடுத்துவைத்ததே அவர்க்குப் பயன் தந்தது. நமக்கு அத்தனை வேண்டா. வாரத்தில் ஒரு நாள், ஒரு நாழிகை, பழைய குறிப்புகளைப் படியுங்கள். இன்னும் உயிருள்ள வரிகளை வேறொரு நோட்டில் பெயர்த்தெழுதுங்கள். பெயர்த்தெழுதும்போது கை தானாகவே ஒரு சொல்லை மாற்றும். கவிதை தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

நிறைவாக, இவ்வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். முடிந்த கவிதைகளைப் படிக்கும் கூட்டங்களை நடத்தினீர்கள். பதினோராம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் முதற் பத்து நிமிடங்களை முடியாத வரிகளுக்கு ஒதுக்குங்கள். விரும்புபவர் தம் குறிப்பேட்டிலிருந்து ஒரே ஒரு வரியைப் படிக்கட்டும். அதற்கு எவரும் குறையும் சொல்ல வேண்டா. பாராட்டும் சொல்ல வேண்டா. வீட்டில் எழுதவும் இடமின்றிக் காட்டவும் ஆளின்றி ஒரு வரியை மட்டும் கொண்டுவரும் ஒருவர்க்கு, அந்தப் பத்து நிமிடம் பெரிய திண்ணையாக அமையும். மகாவித்துவானுக்கு எழுதக் காத்திருந்த கை போல, அவர்க்குக் கேட்கக் காத்திருக்கும் செவியாக நாம் இருப்போம்.