இதயத் தமனி அடைப்பும் பலூன் சிகிச்சை முறைகளும்



"அப்பாவுக்குப் பலூன் போட்டிருக்கிறார்கள்" என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். அந்தப் பலூன் எத்தகையது, உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறதா என்று வினவினால் பலரும் தயங்குவர். பெற்ற சிகிச்சையைத் தாய்மொழியில் விளங்கிக்கொள்ளாதவர், அதன்பின் காக்க வேண்டிய ஒழுங்கையும் தவறவிடக்கூடும். எனவே இப்பொருளைத் தேர்ந்தேன்.

இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருந்தமனிகள் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அகலமே உடையவை. அவற்றின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படியப் படிய வழி குறுகுகிறது. அதனைத் திறக்கப் பலூனை நாடியோர் முதலில் இரப்பர்ப் பாலால் ஆன பலூனையே எண்ணினர். பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் முன்னோர்க்கு அதன் குறை எளிதில் விளங்கியிருக்கும். இரப்பர் நெகிழும் இயல்பினது. நிரப்பும்போது தளர்ந்த பக்கங்களில் புடைக்கும்; இறுகிய இடத்திலோ உடுக்கையின் இடைபோல் ஒடுங்கி நிற்கும். விரிய வேண்டிய இடமே விரியாது.

இச்சிக்கலைத் தீர்த்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். சூரிச் நகரில், தம் வீட்டுச் சமையலறை மேசையிலேயே, குறித்த அளவுக்கு மேல் விரியாத நெகிழிப் பலூனை அவர் உருவாக்கினார். 1977 செப்டம்பர் 16 அன்று, 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனியை நெஞ்சைப் பிளக்காமலே விரித்தார். அவரிடம் பயின்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986இல் இந்தியாவில் இம்முறையைத் தொடங்கினார். சென்னையில் பல்லாண்டு பணியாற்றினார்.

இனி முறைகளை ஒப்பிடுவோம். வெறும் பலூன் படிவை அழுத்தி வழியைத் திறக்கும். பின்னர் வெளியே எடுக்கப்படும். ஆனால் தமனி மீண்டும் சுருங்கலாம்; ஆறு மாதங்களுக்குள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அடைப்பு திரும்பிற்று. இதனைத் தடுக்க 1986இல் பிரான்சில் ஜாக் புயேலும் சுவிட்சர்லாந்தில் உல்ரிச் சிக்வார்ட்டும் ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாயைப் பொருத்தினர். உடலில் தங்குவது இவ்வலையே, பலூன் அன்று. வலைக்குள்ளும் திசு வளர்ந்து வழியை மூடியதால், 2000களின் தொடக்கத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. இன்று பெரும்பாலோர்க்கு இதுவே பொருத்தப்படுகிறது.

எனினும் பலூனின் பணி முடிந்துவிடவில்லை. படிவு இறுகியிருந்தால் உயர் அழுத்தம் தாங்கும் விறைப்பான பலூன் உதவும். நுண்ணிய கத்தி விளிம்புகள் கொண்ட வெட்டும் பலூன், படிவைக் கீறி இளக்கும். சுண்ணம் மிகுந்த இடத்தில், பலூனுக்குள்ளிருந்து எழும் அதிர்வலைகள் அதனை நொறுக்கும். மருந்து பூசிய பலூனோ, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் விரிந்து, சுவரில் மருந்தை ஒற்றிவிட்டு வெளியேறும். உலோகம் எதுவும் எஞ்சாது. பழைய ஸ்டென்டுக்குள் மீண்டும் அடைப்பு வந்தவர்க்கும், சிறிய தமனி உடையவர்க்கும் இது பெரிதும் பயன்படுகிறது. ஆகவே, 'எது சிறந்தது?' என்பதைவிட, 'இந்த அடைப்புக்கு எது பொருந்தும்?' என்பதே சரியான வினா.

மாணவர்களே, ஒன்றை இல்லம் கொண்டுசெல்லுங்கள். ஸ்டென்ட் பொருத்திய பின், வலி நீங்கியது என்றெண்ணி, குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவோர் உளர். வலையில் குருதி உறைந்தால் மாரடைப்பு நேரும், உயிரும் போகலாம். மருத்துவர் குறித்த காலம்வரை மாத்திரையைத் தொடர வேண்டும். பலூன் வழியைத் திறக்கிறது. நோயின் வேரை அது களைவதில்லை. நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றை அடக்குவது நம் கையில் உள்ளது. நெஞ்சு இறுகி வியர்த்தால் 'காற்றுப் பிடிப்பு' என்று காத்திராமல் உடனே 999ஐ அழையுங்கள்.

உங்கள் தாத்தா பாட்டிக்கு இதனை நல்ல தமிழில் எடுத்துரைத்தால், அதுவே இவ்வுரையின் பயன்.