பாலூர்க் கத்திரி யாருக்குச் சொந்தம்?

(விருத்தாசலம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பீங்கான் நகருக்கு வருவோர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இன்று மாலை தோழர் ஒருவர் எனக்கொரு பரிசு தந்தார், பீங்கானில் செய்த கத்திரிக்காய்! காம்பு உண்டு, முள் உண்டு, ஊதா நிறமும் உண்டு. விதை மட்டும் இல்லை. "இது எதற்கு?" என்றேன். "நீங்கள் பேசப்போவது இதைப் பற்றித்தானே!" என்றார். அவர் நாடகம் எழுதத் தொடங்கினால் என் பிழைப்புப் போய்விடும்!

கல்லூரிப் படிப்பையே முடிக்காதவன் மரபணுவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நான் கேட்பது விஞ்ஞானக் கேள்வியன்று. வீட்டுச் சொத்தைப் பற்றிய கேள்வி.

பண்ணுருட்டிக்கு அருகே பாலூர். அங்கே காய்கறி ஆராய்ச்சி நிலையம். நம் வரிப்பணத்தில், நம் மாவட்டத்து மண்ணில் உருவான கத்திரி 'பாலூர் 1'. உழவன் ஒரு காயைப் பழுக்கவிட்டான், விதையெடுத்தான், மறுபட்டத்திற்கு விதைத்தான். எவரிடமும் அனுமதி கேட்டானில்லை.

2005-ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மகிகோ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. மண்ணில் வாழும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிரியின் மரபணுவைச் செடியில் புகுத்தினால், காய்த்துளைப்பான் புழு தின்றதும் சாகும். அந்த மரபணுத் தொழில்நுட்பம் அன்று மான்சாண்டோ நிறுவனத்தினுடையதாக இருந்தது. அதை ஏற்றுவதற்குத் தேர்ந்தெடுத்த தமிழ்நாட்டு வகைகள் எவை தெரியுமா? கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1... நான்காவது, நம் பாலூர் 1!

புழு பொய்யல்ல, தோழர்களே! அந்தப் புழுவுக்கு அஞ்சி மருந்தடித்து மருந்தடித்து மூச்சுத் திணறும் உழவனை நானறிவேன். அவன் துயர் தீர்க்க வந்த ஆராய்ச்சியை நாம் ஏன் வெறுக்கவேண்டும்? வங்காளதேசத்தில் 2014 முதல் அந்தக் கத்திரி விளைகிறது என்பார்கள். ஆம், விளைகிறது, அங்கே அந்த வகைகளை வெளியிட்டது அந்நாட்டு அரசின் ஆராய்ச்சி நிறுவனம். செடி நம்முடையது, செடிக்குள் இருப்பது அவனுடையது என்றால், நாளைக்கு விலை பேசுவது யார்?

பருத்தியில் பாடம் படித்தோம். 2002-இல் மரபணு மாற்றிய பருத்திக்கு அனுமதி தந்தார்கள். எட்டே ஆண்டுகள்! குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சை எதிர்த்து நின்றது என்று 2010-இல் அந்த மான்சாண்டோவே ஒப்புக்கொண்டது. புழுவுக்கிருக்கும் போராட்டக் குணம் நம்மிலே சிலருக்கு இல்லையே!

கத்திரிக்கு 2009 அக்டோபர் 14-இல் மத்தியக் குழு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு எழுந்தது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார்: கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத், பெங்களூர். எண்ணிப் பாருங்கள், தமிழ்நாட்டு நகர் ஒன்றேனும் உண்டா? நான்கு வகைகளைக் கொடுத்த நாட்டிற்கு நாற்காலி ஒன்றுகூட இல்லை! ஆயினும், 2010 பிப்ரவரி 9-இல் அவர் அதை நிறுத்திவைத்தார் என்பதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். அதை எம்.எஸ். சுவாமிநாதனும் ஆதரித்தார், அவர் விஞ்ஞானத்தின் விரோதியா?

இந்த ஊரிலேயே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இங்கே பிறந்த வேர்க்கடலைக்கும் முந்திரிக்கும் 'வி.ஆர்.ஐ.' என்று பெயர். விருத்தாசலத்தின் பெயரைத்தான் அந்த மூன்று எழுத்துகள் சுமக்கின்றன. அந்தக் கடலையை உரித்து விதைக்கிறவன் எந்த நிறுவனத்திற்கும் உரிமைத்தொகை கட்டுவதில்லை. விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பகிரவும், பெயர் முத்திரையிட்டு விற்காதவரை விற்கவும் உழவனுக்கு உரிமை உண்டென்று 2001-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

எனவே நாம் கேட்பது அதிகமில்லை. எந்த உணவுப் பயிரின் மரபணுவை மாற்றினாலும் சோதனை முடிவுகள் முழுவதையும் தமிழிலே வெளியிடுங்கள். விளைகின்ற மாவட்டத்திலேயே விசாரணை வையுங்கள். பொதுப்பணத்தில் பிறந்த விதை பொதுச்சொத்தாகவே இருக்குமென்று எழுதிக் கொடுங்கள்.

பீங்கான் கத்திரிக்காய் என் மேசைமேல் இருக்கும். உங்களிடம் வேறொன்று கேட்கிறேன். பாலூர்க் கத்திரி விதை வைத்திருப்போர் ஒரு சிட்டிகை எடுத்து, காகிதத்தில் மடித்து, ஊர்ப்பெயர் எழுதிக் கிளை அலுவலகத்தில் கொடுங்கள். ஆடிப்பட்டத்திற்கு முன்பே வேண்டுவோர்க்கு வழங்குவோம்.