பெட்டிக்குள் கிடக்கும் பாதிப் போர்வைகள்

(நம் அறக்கட்டளை அரங்கில் நடைபெற்ற மாதாந்திரப் பெண்கள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய தாய்மார்களே, சகோதரிகளே, வீட்டாரை அழைத்துப் போக வந்து வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட சகோதரர்களே! சகோதரர்கள் எழுந்து போய்விட வேண்டாம். இந்தப் பேச்சில் பாதி உங்களுக்குத்தான்.

மழைக்காலம் தொடங்குமுன் மதரஸா விடுதிப் பிள்ளைகளுக்காகப் போர்வை சேகரிக்க வீடு வீடாகப் போனோம். பழைய போர்வை இருந்தால் கொடுங்கள் என்றுதான் கேட்டோம். பல வீடுகளில் பரண் மேலிருந்தோ கட்டிலுக்கு அடியிலிருந்தோ ஒரு பெட்டி இறங்கியது. திறந்து பார்த்தால், போர்வை இருந்தது; ஆனால் பாதிப் போர்வை. கைலித் துண்டும் பழைய சேலைத் துண்டுமாகச் சதுரம் சதுரமாக வெட்டி, நான்கு வரிசை இணைத்து, ஐந்தாவது வரிசையில் ஊசி குத்தியபடியே நின்றுபோயிருந்தது. இன்னொரு வீட்டில் குரோஷா நூலில் பின்னிய குர்ஆன் உறை, மூன்று பக்கம் முடிந்து நான்காவது பக்கம் இல்லை. வேறொரு வீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழந்தைத் தொப்பி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஆரம்பித்ததாம். அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் பெட்டியைச் சட்டென்று மூடிவிட்டார். ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவரைப் போல.

அந்த மூடல்தான் எங்களை இன்றைக்கு இதைப் பேச வைத்தது.

வேலை பாதியில் நிற்பதற்குச் சோம்பல் காரணம் என்று யாராவது சொன்னால், அவர் ஒரு நாள் அந்த வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். ஃபஜ்ருக்கு எழுந்தால் பால், தேநீர், பிள்ளைகளுக்குச் சோற்று டப்பா, பள்ளி வேன். அது போனதும் மாமியாரின் சர்க்கரை மாத்திரை, துணி, உலை. மதியம் கண் அசருவதற்குள் சின்னப் பிள்ளை எழுந்துவிடும். அஸருக்குப் பிறகு மதரஸாவுக்கு விட்டுவிட்டு வர வேண்டும், மஃரிபுக்கு முன் கூட்டி வர வேண்டும். கணவர் துபாயில் இருந்தால் அவர் வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுப் பத்து மணிக்கு அழைப்பார். அங்கே பத்து என்றால் இங்கே பதினொன்றரை. இதற்கு நடுவில் ஐந்து வக்துத் தொழுகை, அத்தை வீட்டு விசேஷம், பக்கத்து வீட்டில் மவுத். இவ்வளவுக்கும் ஈடுகொடுத்துவிட்டு நான்கு வரிசை தைத்தாரே, அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஒரு சகோதரி எங்களிடம் வந்து, பின்னிய மேசை விரிப்பைத் தப்பாகப் போய்விட்டது என்று பிரித்துவிட்டதாகவும், நூலைப் பிரித்த பெண்ணைப் பற்றிக் குர்ஆனில் கண்டித்துச் சொல்லப்பட்டிருப்பதாக உறவுக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து தூக்கமே வரவில்லை என்றும் சொன்னார். அழுதார். அந்த உவமை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆவது வசனத்தில் வருகிறது. அதற்கு முந்தைய 91ஆவது வசனத்தையும் சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும். அல்லாஹ்வை முன்வைத்துச் செய்த உடன்படிக்கையையும் சத்தியத்தையும் உறுதிப்படுத்திய பின் முறிப்பதுதான் அங்கே பேசப்படுவது. உறுதியாக நூற்றதைத் துண்டு துண்டாக்கிய பெண் அதற்கான உவமை. குரோஷாவில் கண்ணி தப்பிப்போனால் பிரித்துப் பின்னுவது அந்தத் தொழிலின் இயல்பு. பிரித்த நூல் வீணாவதும் இல்லை, அடுத்த வேலைக்கு ஆகிறது. மார்க்கத்தை அரைகுறையாக எடுத்து ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுப்பது பெரிய பொறுப்பு என்று அந்த உறவுக்காரரிடமும் சொன்னோம். அவர் ஏற்றுக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அந்த உவமை நமக்கு வேறொரு வகையில் பொருந்தும். வாக்குக் கொடுத்துவிட்டுப் பாதியில் விட்ட வேலையும் நம் பெட்டிகளில் இருக்கிறது. பணமோ நூலோ முன்பணமாக வாங்கிக்கொண்டு ஒருவருக்குப் பின்னித் தருவதாகச் சொல்லியிருந்தால் அது அமானத். அதை முதலில் எடுங்கள். முடிக்க முடியாது என்று தெரிந்தால் இன்றைக்கே சொல்லி, நூலையோ பணத்தையோ திருப்பிக் கொடுங்கள். நமக்காக நாமே ஆசைப்பட்டு ஆரம்பித்தது வேறு. அதற்கு வழக்குப் போட ஆள் இல்லை.

இனி எங்கள் தவறு ஒன்று. இதைச் சொல்லாமல் மற்றவர்களுக்கு யோசனை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. முன்பு ஒரு ரமலானுக்கு முன் மதரஸாப் பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னித் தரும்படி சகோதரிகளிடம் நூல்கண்டுகளைக் கொடுத்தோம். நல்ல நிய்யத்தில்தான். ஆனால் யாரிடமும் உங்கள் வீட்டில் என்ன நிலைமை என்று கேட்கவில்லை. நாள் நெருங்கியபோது பாதிக்கு மேல் வரவில்லை. அலுவலகப் பலகையில் தராதவர்களின் பெயரை எழுதிப் போட்டோம். நினைவூட்டல் என்று நினைத்தோம். ஒரு சகோதரி அதன் பிறகு இந்த அரங்கின் பக்கமே வரவில்லை. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து, புரட்டிப் படுக்க வைக்கக்கூட இவர் ஒருவர்தான் என்பது எங்களுக்கு நோன்புப் பெருநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தார். பதினொரு தொப்பிகள், எல்லாவற்றிலும் மேல்வட்டம் முடிந்திருந்தது, சுற்றுச்சுவர் மட்டும் பாக்கி. இரவு மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னியவை. அவற்றை வேறு இரண்டு சகோதரிகள் முடித்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கைவேலைக்கும் நாங்கள் கெடுநாள் வைப்பதில்லை, பெயர் எழுதுவதும் இல்லை.

சரி, பெட்டியைத் திறந்துவிட்டீர்கள். அடுத்து என்ன செய்வது? நாங்கள் ஆண்கள், ஊசி பிடித்துப் பழகியவர்கள் அல்ல. இங்கே வரும் மூத்த சகோதரிகள் சொல்லக் கேட்டு எழுதி வைத்ததைத்தான் சொல்கிறோம்.

முதலில் ஊசியை வெளியே எடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் துணியில் குத்திய ஊசி ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துவிடும். அந்தக் கறை லேசில் போகாது. குரோஷா வேலையில் கடைசிக் கண்ணி பிரிந்துபோகாமல் ஒரு சேஃப்டி பின்னை மாட்டுங்கள். கொக்கி ஊசியை அதே பையில் போடுங்கள். பாதி வேலைகள் நின்றுபோவதற்குக் காரணமே ஊசியைத் தேடுவதுதான் என்கிறார் ஒரு மூத்த சகோதரி. எந்த எண் ஊசி, எத்தனையாவது சுற்று, அடுத்து என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது அந்தச் சீட்டுதான் உஸ்தாத். நூல்கண்டின் மேல் சுற்றிய தாளையும் தூக்கி எறியாதீர்கள். அதில் நிற எண் இருக்கும். சாயம் போட்ட தொகுதி மாறினால் ஒரே நிறம் என்று வாங்கி வந்தாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

வருடக்கணக்கில் விட்டதை நேரே தொடராதீர்கள். கை மாறியிருக்கும். முன்பு தளர்வாகப் பின்னியவர் இப்போது இறுக்கிப் பின்னுவார். நாலு விரல் அகலம் தனியாகப் பின்னிப் பார்த்து, பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தொப்பிக்கு ஒரு கணக்கு: பிள்ளையின் தலைச்சுற்று 21 அங்குலம் என்றால் மேல்வட்டம் குறுக்கே ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்வரை கண்ணியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், பிறகு கூட்டாமல் சுற்றினால் தானாகக் கீழே இறங்கும்.

போர்வைக்கு வருவோம். போர்வை என்று முழுதாக நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். சதுரமாக நினையுங்கள். ஐந்தடிக்கு நான்கடி போர்வைக்கு ஆறு அங்குலச் சதுரம் எண்பது வேண்டும். தையலுக்கு நாலா பக்கமும் அரை அங்குலம் விட்டு ஏழு அங்குலமாக வெட்டுங்கள். பழைய கைலி இதற்குத் தோதானது. கட்டம் போட்ட துணி என்பதால் கோடு போடாமலே நேராக வெட்ட வரும். பலமுறை துவைத்துச் சுருங்கி முடிந்தது, சாயமும் இனி ஓடாது. உட்காரும் இடத்தில் நைந்த பகுதியை விட்டுவிட்டாலும் ஒரு கைலியில் முப்பது சதுரம் தேறும். மூன்று கைலி போதும். ஒரு நாளைக்கு ஒரு சதுரம் என்றால் மூன்று மாதம்கூட ஆகாது. நான்கு சதுரம், நூல், ஊசி, இவை மட்டும் ஒரு மஞ்சப்பையில் இருக்கட்டும். பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் நேரம், ஆஸ்பத்திரி வரிசை, குக்கரின் மூன்றாவது விசிலுக்கு முந்தைய நேரம், இவையெல்லாம் அந்தப் பைக்கு உரியவை. மெஷினை இழுத்துப் போட்டு உட்காரும் வேலையை மட்டும் பிள்ளைகள் விடுமுறைக்கு நன்னி வீட்டுக்குப் போகும் நாளுக்கு ஒதுக்குங்கள்.

தொடர்ந்து செய்வது குறைவாக இருந்தாலும் அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இபாதத்தைப் பற்றியது. ஆனாலும் அதைப் படித்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு சதுரம் என்பது அந்நியமாகத் தெரியாது. இன்னொரு அன்னை, ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி), தம் கையால் வேலை செய்து அதில் வந்ததை ஸதகா செய்தவர்கள். உங்களில் கை நீளமானவரே என்னை முதலில் வந்து சேர்வார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது மற்ற அன்னையர் கைகளை அளந்து பார்த்தார்கள். ஸைனப் (ரலி) முதலில் வஃபாத்தான பிறகுதான் நீளம் என்பது கொடையைக் குறித்தது என்று விளங்கியது.

இப்போது சகோதரர்களுக்கு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்றார்கள் ஆயிஷா (ரலி). தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதாகவும் அறிவிப்பு இருக்கிறது. நாம் சட்டைப் பொத்தான் அறுந்தால் மூன்று முறை கூப்பிடுகிறோம். மதரஸாவிலிருந்து பிள்ளையைக் கூட்டி வரும் வேலையை வாரத்தில் மூன்று நாள் நீங்கள் எடுத்துக்கொண்டால் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அவருக்கு அரைமணி நேரம் கிடைக்கும். அந்த அரைமணியில் தேநீர் கேட்காதிருங்கள். “இதைக் கடையில் வாங்கினால் இருநூறு ரூபாய்தானே” என்ற வார்த்தையையும் விட்டுவிடுங்கள். ஒரு பெட்டி மூடப்படுவதற்கு அது போதும். சபுராளியாக இருப்பவர்களும் அழைக்கும்போது ஒரு தடவை கேட்கலாம், எத்தனை சதுரம் ஆச்சு என்று.

எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. மனம் விட்டுப்போன வேலை என்றால் நூலைப் பிரித்துக் கழுவிச் சுற்றி வையுங்கள், அல்லது வேண்டுபவருக்குக் கொடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, மவுத்தானவர்கள் விட்டுச் சென்ற பாதி வேலை பற்றி. ஒரு வீட்டில் நன்னி விட்டுச் சென்ற போர்வையை மூத்த மகள் எங்களிடம் கொண்டுவந்து விடுதிக்குக் கொடுத்தார். அல்லாஹ் அவருக்குக் கூலி கொடுக்கட்டும். ஆனால் அது வாரிசுகள் எல்லாருடைய ஹக்கு. மற்ற மூன்று மகள்களிடமும் கேட்டு வரும்படி திருப்பி அனுப்பினோம். கேட்டபோதுதான் இளையவர், அதில் இருக்கும் பச்சைக் கட்டம் அத்தாவின் கைலி என்று சொல்லியிருக்கிறார். லாத்தாவும் தங்கைகளும் கூடிப் பேசி, அதை விடுதிக்குக் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஆறு சதுரமாகத் தைத்து முடித்து, சிங்கப்பூரிலிருக்கும் மூன்றாமவர் தம் பங்கை ஊர் வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பி, இப்போது அது முறை வைத்து நான்கு வீட்டிலும் இருக்கிறது. விடுதிக்கு நால்வரும் சேர்ந்து இரண்டு புதுப்போர்வை வாங்கிக் கொடுத்தார்கள்.

வரும் மாதத்திலிருந்து புதன்கிழமைதோறும் லுஹர் தொழுகைக்குப் பிறகு அஸர் வரை மேல்மாடி அறை சகோதரிகளுக்காகத் திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். இரண்டு தையல் மெஷின் இருக்கிறது. தொட்டில் கட்டக் கொக்கி அடித்திருக்கிறோம். கைப்பிள்ளையோடு வரலாம். அறையில் ஆண்கள் வரமாட்டார்கள், பலகையும் மாட்டவில்லை. துணியில் பூஞ்சை வாடை இருந்தால் வருமுன் ஒரு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு எடுத்து வாருங்கள். விடுதிக்கு இன்னும் பதினான்கு போர்வை தேவைப்படுகிறது. முடித்ததைக் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கலாம், கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

மஃரிபுக்கு இன்னும் சிறிது நேரமே இருக்கிறது. கீழே தேநீர் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஊற்றிக் கொடுப்பது வாசலில் உட்கார்ந்திருக்கும் சகோதரர்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.